வராமல் நின்ற தந்தி

இயேசு மரி சூசை துணை

கம்பைநல்லூர்,
19.11.2025, புதன்கிழமை

என் கண்ணு கேத்தரினுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், உங்கப்பா, உன் தம்பி பிரவீன், போன மாதம் கன்று போட்ட நம் சிவப்பு மாடு எல்லோரும் ஆண்டவர் கிருபையில் சுகமாக இருக்கிறோம். நீ அந்த அயர்லாந்துக் குளிரில் எப்படி இருக்கிறாய், வேளைக்குச் சாப்பிடுகிறாயா, ஆஸ்பத்திரியில் இன்னும் அடுத்தவர்களின் ஷிப்டையும் சேர்த்துப் பார்க்கிறாயா என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்குவதில்லை. போன் இருக்கும்போது அம்மா எதற்குப் பேனாவை எடுத்தாள் என்று சிரிப்பாய். போனில் பேசினால் உங்கப்பா பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, அதைச் சொல்லாதே, இதைச் சொல்லாதே என்று கையாலேயே டிராபிக் போலீஸ் வேலை பார்க்கிறார். அதனால்தான் எழுதுகிறேன். உன்னோடு வேலை பார்க்கும் மலர்விழியின் அம்மா அடுத்த வாரம் அங்கே வருகிறார்களாம், ராகி மாவோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். மாவை எடுத்து வைப்பதற்கு முன்னால் இதைப் படி.

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும். அப்பா ஜெயித்துவிட்டார் கண்ணு! நேற்று பதினோரு மணிக்குப் பட்டாளத்து ரெக்கார்டு ஆபீசிலிருந்து ஸ்பீட் போஸ்ட் வந்தது. வழுக்கி விழுந்ததால் ஏற்பட்ட காயம் என்று அப்பாவின் பேரில் இருந்த பதிவை எடுத்துவிட்டார்களாம். கார்கில் சண்டையில் எதிரியின் குண்டு பட்டு ஏற்பட்ட காயம் என்று திருத்தி எழுதி, சண்டையில் காயம் பட்டவர்களுக்குக் கொடுக்கும் மெடலையும் கொடுக்கச் சொல்லி உத்தரவு போட்டிருக்கிறார்கள். அப்பா அதை ரேஷன் கடை பில்லைப் படிக்கிற குரலில் படித்தார். நான் மூன்று தடவை படிக்கச் சொன்னேன். மூன்றாவது தடவை பாதியில் நிறுத்திவிட்டு, மூக்குக் கண்ணாடியில் தூசி என்று சொல்லி எழுந்து போய்விட்டார். நான் வாசலில் போகிற வருகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சொன்னேன். அடுப்பில் வைத்திருந்த மரவள்ளிக் கிழங்கு அடிப்பிடித்து வீடே நாறிவிட்டது. பிரவீன் ஓசூரில் கம்பெனி கேண்டீனில் நின்றுகொண்டு போனிலேயே கத்தினான், மேஸ்திரி வந்து திட்டியிருக்கிறார். நேற்று ராத்திரி நானும் அப்பாவும் அந்தக் கருகின கிழங்கைத்தான் சாப்பிட்டோம். அதற்கு என்ன ருசி என்கிறாய்.

இந்தக் கேசை ஆரம்பித்து வைத்தவளே நீதான். முட்டிவலிக்கு ஸ்கேன் எடுக்கப் போன இடத்தில், தொடைக்குள் இரும்புச் சில்லு மூன்று இருக்கிறது, ஸ்கேன் மெஷினில் படுக்க வைக்க முடியாது என்று அப்பாவைத் திருப்பி அனுப்பினார்களே, அந்த எக்ஸ்ரே படத்தை வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டு நீதான் குதித்தாய். வழுக்கி விழுந்தவர் காலுக்குள் இரும்பு எப்படி வந்தது, உடனே எழுதிப் போடுங்கள் என்றாய். எழுதிப் போட்டார். அதற்கு வந்த பதில் உனக்குத் தெரியும். 1999 ஜூலை மாதம் ஆஸ்பத்திரியில் வைத்து, சுமை தூக்கிக்கொண்டு போகும்போது வழுக்கி விழுந்தேன் என்று நீங்களே சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள், உள்ளே இருக்கும் இரும்பு எந்த வருஷத்தது என்று நாங்கள் எப்படி நம்புவது என்று கேட்டுவிட்டார்கள். அப்பாவோடு அதே ஆஸ்பத்திரியில் அடுத்த கட்டிலில் படுத்திருந்த பென்னாகரத்து தர்மன் அண்ணன், அது குண்டுக் காயம்தான் என்று எழுதிக் கொடுத்தார். இத்தனை வருஷம் கழித்துச் சொல்கிற வார்த்தை செல்லாது என்று அதையும் தள்ளிவிட்டார்கள். ஏன் அப்படிக் கையெழுத்துப் போட்டீர்கள் என்று நீ எத்தனை தடவை கேட்டாய். மறந்துபோச்சு என்பதைத் தவிர அந்த மனுஷன் வாயிலிருந்து எதுவும் வரவில்லை.

உனக்குச் சொல்லாத ஒன்றும் நடந்தது. போன வருஷம் முன்னாள் படைவீரர்கள் கூட்டத்தில் ஒருத்தர், பெயர் வேண்டாம், பள்ளத்தில் விழுந்தவருக்கெல்லாம் மெடல் கேட்கிற காலமாகிப் போச்சு என்று எல்லார் முன்னாலும் சொல்லிச் சிரித்திருக்கிறார். அப்பா எழுந்து வந்துவிட்டார். அன்றிலிருந்து கூட்டத்துக்குப் போகவில்லை. ஜனவரி இருபத்தாறுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடியேற்றக் கூப்பிட்டதற்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவருக்குக் கவலை மெடல் இல்லை கண்ணு. பதினேழு வருஷம் பட்டாளத்தில் இருந்தவனின் வார்த்தையைப் பொய் என்கிறார்களே என்பதுதான். சாப்பிட உட்கார்ந்தால் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பார்.

இப்படி இருக்கும்போதுதான் பிப்ரவரியில் மூன்றாவது கடிதம் வந்தது. அந்தக் காலத்திலேயே எழுதப்பட்ட, தேதியோடு கூடிய ஏதாவது காகிதம் இருந்தால் முப்பது நாளைக்குள் அனுப்புங்கள், இல்லாவிட்டால் ஃபைலை மூடிவிடுவோம் என்று. அப்பா அதை மடித்துப் பைபிளுக்குள் வைத்துவிட்டு, போகட்டும் விடு என்றார். என்னால் விட முடியவில்லை. ஏனென்றால் அப்படி ஒரு காகிதம் இருந்தது எனக்குத் தெரியும். அதுவரை நான் அதை வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை.

நீ வயிற்றில் இருந்தாய், ஏழாம் மாதம். அப்பாவிடமிருந்து கடிதம் வந்து நாளாகிவிட்டது. ஊரில் எந்த டிவியைப் போட்டாலும் கார்கில். ஒரு நாள் மத்தியானம் யாரோ ஒரு பெண் பென்னாகரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, அப்பாவின் பெயரைக் கேட்டுக் கேட்டு வந்து நின்றாள். தர்மன் அண்ணனின் சம்சாரம் தீர்த்தம்மாள். கையில் அவள் புருஷன் எழுதின கடிதம். அவளுக்குப் படிக்கத் தெரியாது, பக்கத்து வீட்டில் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறாள், அதில் உங்கப்பா பேர் வந்திருக்கிறது. கம்பைநல்லூர் சவரிராயன் என்கிறவரும் அங்கே அடிபட்டுக் கிடக்கிறார், அந்த வூட்ல ஒரு பொம்பள காத்துக்கிட்டு இருப்பாளே என்று மீதியைக் கேட்காமலே உடனே கிளம்பி வந்துவிட்டாள். அவள் முன்பின் பார்க்காதவள். அவளை நான் எந்த ஜென்மத்திலும் மறக்க மாட்டேன். கடிதத்தை வாங்கிப் படித்தேன். நம்ம சவரிக்குத் தொடையில் குண்டுச் சில்லு பாய்ந்துவிட்டது என்று நாலாவது வரியில் இருந்தது. அதற்குக் கீழே என்ன இருக்கிறதோ என்று பயம். காலை எடுத்துவிட்டார்கள் என்று இருந்தால் என்ன செய்வேன்? அப்படியே மடித்துவிட்டேன். உன் காரியம் சம்பந்தப்பட்டது, நீயே வைத்துக்கொள் என்று தீர்த்தம்மாள் சொல்லிவிட்டுப் போனாள். வீட்டில் வைத்தால் என் மாமியார் கண்ணில் பட்டு ஊரைக் கூட்டிவிடுவார்கள். நேரே கோவிலுக்குப் போனேன். பங்குச் சாமியாரிடம் கடிதத்தைக் கொடுத்து, அவருக்காக ஒரு பூசை வையுங்கள், வெளியே சொல்லாதீர்கள் என்றேன். யாருக்காகப் பூசை என்று எழுதுகிற நோட்டில் தேதி போட்டு எழுதி, கடிதத்தையும் அந்தப் பக்கத்திலேயே வைத்துக் குண்டூசி குத்தினார்.

பிப்ரவரி மாதக் கடிதம் வந்த மறுநாள் காலையிலேயே கோவிலுக்கு ஓடினேன். இப்போது இருக்கும் சாமியார் சின்ன வயசு, நல்ல பிள்ளை. பழைய நோட்டெல்லாம் பின் அறையில் கிடக்கும் பீரோவில் என்றார், பீரோவுக்குச் சாவி இல்லை. அவரே சுத்தியல் எடுத்து வந்து பூட்டை உடைத்தார். 97, 98 நோட்டைக் கரையான் மண்ணாக்கி வைத்திருந்தது. 99 மேல் தட்டில் இருந்தது கண்ணு, ஒரு மூலை மட்டும்தான் அரித்திருந்தது. புரட்டினோம், ஜூலை கடைசி வாரத்தில் என் பெயர், அப்பாவின் பெயர், சண்டையில் குண்டு பட்டுப் படுத்திருப்பவர் குணமடைய என்று சாமியார் கையெழுத்து, துருப்பிடித்த ஊசியோடு அந்தக் கடிதம், பட்டாளத்துத் தபால் முத்திரை தேதியோடு! நான் கோவில் என்றும் பார்க்காமல் கத்திவிட்டேன். சாமியாரும் சேர்ந்து கத்தினார்.

அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து, அன்றைக்குப் பயந்து விட்ட மீதியைப் படித்தேன். அதை எழுதும்போதே எனக்குக் கண் மறைக்கிறது. உனக்கு முன்னால் எனக்கு ஒன்று உண்டாகி ஆறாம் மாதத்தில் போய்விட்டது என்று சொல்லியிருக்கிறேன். எப்படிப் போனது என்று சொன்னதில்லை. என் அண்ணன் லாரி மோதி இறந்த தந்தி வந்தது. வாங்கின கையோடு வாசப்படியில் விழுந்தேன், பிள்ளை போய்விட்டது. அப்பா அப்போது லீவில் வந்து வீட்டில் இருந்தார், எல்லாவற்றையும் பார்த்தவர். தர்மன் அண்ணன் எழுதியிருப்பது இதுதான். ஆஸ்பத்திரியில் கிளார்க் வந்து விவரம் எழுதும்போது, சண்டைக் காயம் என்றால் வீட்டுக்குத் தந்தி போகும், அதுதான் முறை என்றாராம். தந்தி வேண்டாம் என்று உங்கப்பா கெஞ்சியிருக்கிறார். முடியாது என்றிருக்கிறார் கிளார்க். உடனே உங்கப்பா, "அப்படின்னா நான் வழுக்கி வுழுந்துட்டேன்னு எழுதிக்குங்க சார்" என்று சொல்லி, படுத்தபடியே கையெழுத்துப் போட்டுவிட்டார். உனக்காகத்தான் கண்ணு, வயிற்றில் இருந்த உனக்காகவும் எனக்காகவும்.

வீட்டுக்கு வந்து கடிதத்தை அவர் முன்னால் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரி வரைக்கும் படித்தார். தர்மன் அண்ணனிடம் யாருக்கும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தாராம், அந்த மனுஷன் சத்தியம் செய்ததற்கு முந்தின நாளே வீட்டுக்கு எழுதிப் போட்டுவிட்டார். அப்புறம் மெதுவாக, உனக்கு அப்பவே தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். நீ பிறந்த பிறகு அக்டோபரில் நொண்டிக்கொண்டே லீவில் வந்து, மழையில் வழுக்கிவிட்டது என்று என்னிடம் கதை சொன்னாரே, கண்ணை எங்கே வைத்துக்கொண்டு நடந்தீர்கள் என்று தைலம் தேய்த்துக்கொண்டே நானும் திட்டினேனே, அதை நினைத்துக்கொண்டார் போல. சொல்லாமல் மறைக்க அவ்வளவு பாடுபட்டவரிடம், எனக்கு எல்லாம் தெரியும் என்று எப்படிச் சொல்வது? அவர் ஆசைக்கு மறைத்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். இரண்டு பேரும் சரியான பைத்தியங்கள்.

ஆனால் கடிதத்தை அனுப்ப மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார் பார். நாலு நாள் சண்டை. இதை அனுப்பினால் பட்டாளத்தில் பொய் சொல்லிக் கையெழுத்துப் போட்டவன் என்று நானே ஒத்துக்கொண்டதாக ஆகும், அது பள்ளத்தில் விழுந்தவன் என்பதைவிடக் கேவலம் என்றார். எனக்கு வந்ததே கோபம். "அந்தப் பொய்யாலதாங்க இந்த வூட்ல ஒரு புள்ள இருக்குது. அதுல உங்களுக்கு என்னங்க வெக்கம்?" என்று கேட்டேன். எழுந்து வயலுக்குப் போனார். ராகிக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்து, கை கழுவி, தானே பேப்பர் எடுத்து எழுத உட்கார்ந்தார். நான் அன்றைக்குப் பொய் சொன்னேன், காரணம் இது, தண்டனை இருந்தால் ஏற்றுக்கொள்கிறேன் என்று சுத்தமாக எழுதி, கடிதத்தையும் எக்ஸ்ரேயையும் பூசை நோட்டின் நகலையும் சேர்த்து அனுப்பினார். ஒன்பது மாதம் காத்திருந்தோம். முடிவு தெரியும்வரை உனக்குச் சொல்லக் கூடாது என்று என்னிடமும் ஒரு சத்தியம். நேற்றோடு அது முடிந்தது. தண்டனை ஒன்றும் இல்லை. இன்று காலையில் பச்சைச் சட்டைக்கு இஸ்திரி போடச் சொல்லி, தர்மன் அண்ணனைப் பார்க்கப் பென்னாகரம் பஸ் ஏறிவிட்டார். மெடல் எப்போது கைக்கு வரும் என்று தெரியாது, நீ லீவு மட்டும் தயாராகச் சொல்லி வை. இது எல்லாம் உனக்குத் தெரிந்துவிட்டதாக அப்பாவிடம் இப்போது காட்டிக்கொள்ளாதே, வெட்கப்படுவார்.

மற்றபடி இங்கே மழை பரவாயில்லை, ராகி கதிர் பிடித்துவிட்டது. பிரவீனுக்குப் பெண் பார்க்கலாம் என்றால் அக்கா வரட்டும் என்கிறான். நீ காலுறை போடாமல் வெளியே போகாதே, காலையில் வெறும் காபியோடு ஓடாதே, ஞாயிற்றுக்கிழமை பூசையைத் தவறவிடாதே. அந்தோனியாரும் மாதாவும் உன்னைக் கைவிடாமல் காப்பாற்றட்டும். நெற்றியில் சிலுவை போட்டு அப்பாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம்.

கடைசியாக ஒன்று கேட்க வேண்டும். மூன்று ஞாயிறாக வீடியோவில் வலது கையைக் காட்டாமலே பேசுகிறாய். தண்ணீர் குடிப்பதும் முடியை ஒதுக்குவதும் இடது கையால். அப்பா கவனிக்கவில்லை, நான் கவனித்தேன். உடைந்திருந்தால் உடைந்தது என்று எழுது, யாராவது ஏதாவது செய்திருந்தால் அதையும் எழுது. உன் அம்மா தாங்குவாள். வழுக்கி விழுந்தேன் என்று மட்டும் எழுதிவிடாதே.

இப்படிக்கு,
உன் பதிலுக்குக் காத்திருக்கும் அம்மா,
ச. மிக்கேலம்மாள்