மூன்று மாத இலக்கு

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம்.

முட்டிவலி குறைந்ததா? நான் நலம்.

அலுவலகத்தில் எங்களுக்கு, இலக்கு வைத்து முன்னேற வழி சொல்லும் ஒரு லைஃப் கோச்சை ஏற்பாடு செய்திருக்கிறார்கள். மூன்று மாத இலக்கை எழுதச் சொன்னார். ‘அப்பா இறந்ததை நம்ப வேண்டும்’ என்று எழுதினேன். பேனாவை மூடிவிட்டார்.

“காரியத்துக்குப் போனீங்களாம்மா?”

“லீவு கிடைக்கல சார்.”

“இதுக்கு நான் ஆள் இல்ல. தெரபிஸ்ட்டப் பாருங்க.”

“ரெண்டும் ஒண்ணுதானே?”

“ஓடக் கத்துக் குடுக்கிறவன் ஒடிஞ்ச காலுக்குக் கட்டுப் போடலாமா?”

சிரித்துவிட்டேன். வியாழக்கிழமை தெரபிஸ்ட்டை, அதாவது மனநல ஆலோசகரைப் பார்க்கிறேன். பயப்படாதே, பேசுவது மட்டும்தான்.

பழைய தலையணை உறை இரண்டு அனுப்பு. வீடியோவில் பேசும்போது வாசலில் அப்பாவின் செருப்பு தெரிகிறது. அதை எடுத்துவிடாதே. லீவு கேட்டிருக்கிறேன், நானே வந்து எடுக்கிறேன்.

பஸ் வந்துவிட்டது.

உன் மகள்