டிரைவர் சொன்ன உதாரணங்கள்

உபதேசியாரே,

முதலில் ஒரு வெட்கக்கேட்டை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்கள் ஆராதனை நடக்கும் ஆயாக்கொட்டகை ஜன்னலுக்கு வெளியே என் லோரி நிற்கும். நான் பானெட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு தலையை உள்ளே விட்டிருப்பேன். ரேடியேட்டர் சரியில்லை என்று உங்களிடம் சொல்லிவந்தேன். ஆறு வருஷம் சொன்னேன். அந்த ரேடியேட்டருக்கு ஒரு கேடும் இல்லை. உங்கள் பிரசங்கத்துக்கு நான் கொடுத்த கதைக்கு ஜனங்கள் சிரிக்கிறார்களா என்று ஒட்டுக் கேட்கத்தான் நின்றேன். நெற்றியில் விபூதியோடு உங்கள் ஆராதனைக்குள் வந்து உட்காரக் கூச்சம். கேட்காமல் வீட்டில் கிடக்கவும் முடியவில்லை. நீங்களோ, பாவம், ஒவ்வொரு ஞாயிறும் முடிவு ஜெபத்தில் என் லோரிக்காகவும் ஒரு வரி சேர்த்துக்கொண்டீர்கள். அதைக் கேட்கும்போது மட்டும் நான் தலையை இன்னும் கொஞ்சம் உள்ளே விட்டுக்கொள்வேன்.

இதை இப்போது சொல்லக் காரணம், உங்கள் மகள். போன வாரம் ஈப்போவிலிருந்து வந்திருந்தாள். நீங்கள் கண்மூடிய பிறகு உங்கள் டிரங்குப் பெட்டியை ஒழித்தபோது கிடைத்ததாம், ஒரு நீல அட்டை நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். திறந்ததும் நீங்கள் நெஞ்சில் தடவிக்கொள்ளும் தைல வாசம் குப்பென்று வந்தது. நீங்களே லோரியில் ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தது. இடது பக்கத்தில் அந்தந்த வாரத்து வேதபாடம், வலது பக்கத்தில் அதற்கு உதாரணம். பல இடங்களில் உதாரணத்துக்குக் கீழே 'டி.சொ.' என்று குட்டியாக எழுதியிருந்தது. "டி.சொ.ன்னா வேதத்துல எந்தப் புத்தகம் மாமா? நானும் தேடித் தேடிப் பாக்குறேன்" என்றாள். டிரைவர் சொன்னது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவனைப் போய் வேத வசனத்துக்குப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறீர்களே, என்ன மனிதர் நீங்கள்.

நீங்கள் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்த புதிதில் உங்கள் பிரசங்கம் எப்படி இருந்தது என்று உங்களிடம் நேரில் சொல்ல எனக்குத் தயவு தாட்சண்யம் இருந்ததில்லை. இப்போது மட்டும் எதற்கு? மகா மோசமாக இருந்தது. பாதிரி ஐயர் ஈப்போவிலிருந்து மாதத்துக்கு ஒருமுறைதான் மலையேறி வருவார். மற்ற ஞாயிறுகளெல்லாம் உங்கள் தலையில். என்ன பாடத்தைப் பேசவேண்டும் என்று வருஷம் பிறக்கும்போதே சபையிலிருந்து அச்சடித்து அனுப்பிவிடுவார்கள். "எங்க பஞ்சாங்கத்துல ராகு காலம், உங்க பஞ்சாங்கத்துல பாடம். ரெண்டுலயும் தப்பிக்க முடியாதுலா" என்று நான் கேலி செய்வேன். பாடம் வந்துவிடும், உதாரணம் வராது. உங்களிடம் இருந்ததோ வெள்ளைக்காரன் ஊர்க் கதைப் புத்தகம் ஒன்று. கலங்கரை விளக்கம், பனியில் புதைந்த நாய், புயலில் கப்பல் ஓட்டிய மாலுமி. மேலே உத்தரத்தில் தொட்டில் துணிகளைச் சுருட்டிக் கட்டியிருப்பார்கள். ஆறு நாளும் குழந்தைகள் தூங்கிய கொட்டகையில் ஏழாம் நாள் பெரியவர்கள் தூங்கினார்கள். ஒருமுறை நீங்கள் கப்பல் கதை சொல்லி முடித்த பிறகு கங்காணி வெளியே வந்து, "கப்பல்னா எங்கப்பனுக்கு வாந்திதான் ஞாபகம் வரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிறகுதான் வெள்ளிக்கிழமை சவாரி ஆரம்பித்தது. நான் சாமான் ஏற்ற பிரிஞ்சாங் டவுனுக்குப் போவேன், நீங்கள் அடுத்த தோட்டத்து வீடுகளைப் பார்க்க என்னோடு ஏறிக்கொள்வீர்கள். வளைவு திரும்பும்போதெல்லாம் கதவைப் பிடித்துக்கொண்டே அந்த வாரத்துப் பாடத்தைச் சொல்வீர்கள். காணாமல் போன ஆட்டைச் சொன்ன நாள் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. மேய்ப்பன் தொண்ணூற்றொன்பதை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிப் போனான் என்றீர்கள். நான் பிரேக்கை மிதித்தேன்.

"அந்தத் தொண்ணூத்தொம்போது ஆடும் அவன என்ன திட்டு திட்டுச்சுன்னு எழுதலையா?"

"இல்லையே டிரைவரே."

"அப்போ எழுதுனவரு லோரி ஓட்டுனதில்ல."

போன மாதம் நடந்ததைச் சொன்னேன். மழையில் நனைந்த பெண்களைக் கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து ஏற்றிக்கொண்டு பாதி தூரம் வந்த பிறகு, முப்பது பேரில் காது கேட்காத பாக்கியம் மட்டும் ஏறவில்லை என்று தெரிந்தது. லோரியைத் திருப்பினேன். மிச்சம் இருபத்தொன்பது பேரும் என் பரம்பரையையே மலையிலிருந்து உருட்டிவிட்டார்கள். பாக்கியமோ ஒரு மரத்தடியில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தது. ஏறும்போது, "ஏன் இவ்ளோ லேட்டு?" என்று கேட்டது. நீங்கள் சிரித்த சிரிப்பில் மூக்குக் கண்ணாடி கீழே விழுந்தது. அந்த ஞாயிறு அதைச் சொன்னீர்கள். பானெட்டுக்குள் இருந்தபடியே கேட்டேன்: கொட்டகையே குலுங்கியது. பாக்கியம் மட்டும் என்ன என்ன என்று பக்கத்தில் இருந்தவளை இடித்துக்கொண்டிருந்ததாம்.

அதோடு எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. பாறைமேல் கட்டிய வீட்டுக்கு ரிங்லெட் ரோட்டு மண்சரிவு. விளக்கில் எண்ணெய் இல்லாத கன்னிகைகளுக்கு, ஜெனரேட்டரை நம்பி மண்ணெண்ணெய் வாங்காத, தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி வீடு. எந்த உதாரணத்தில் தொழில் விவரம் தப்பினாலும் தேவசகாயம் மாமா விடமாட்டார். கவாத்து வெட்டுகிறவர், மூன்றாம் வரிசையில் உட்காருகிறவர். கிளை நறுக்கும் பாடத்தன்று ஆராதனை முடிந்ததும் வாசலில் உங்களை நிறுத்தி, செடியை எந்த உயரத்தில் வெட்டவேண்டும் என்று உங்கள் முழங்காலைத் தொட்டே காட்டினாரே. அவர் வந்து தப்புச் சொன்னால்தான் பிரசங்கம் நன்றாக இருந்ததாக அர்த்தம் என்று நீங்கள் சொல்வீர்கள்.

அப்படிப்பட்டவரைத்தான் நாம் இருவரும் சேர்ந்து அடித்தோம்.

அந்த வாரம், வீட்டைவிட்டுப் போய்த் திரும்பிவந்த கெட்ட குமாரன் பாடம். அவன் தூரத்தில் வரும்போதே தகப்பன் கண்டான் என்று இருக்கிறதே, அந்த இடத்துக்கு ஒன்று வேண்டும் என்றீர்கள். நான் யோசிக்கவே இல்லை. மாமாவுடைய மகன் ராஜன் அப்பனோடு சண்டை போட்டுக்கொண்டு ஊரைவிட்டுப் போனது நீங்கள் வருவதற்கு முன்னால். இனி இந்த வாசலை மிதிக்காதே என்று சொன்னது அப்பன்தான். ஆனால் அன்று முதல் தினமும் சாயந்திரம், என் லோரி பிரிஞ்சாங்கிலிருந்து திரும்பும் நேரத்துக்கு, மாமா கம்பளிக் குல்லாவோடு முச்சந்தியில் நிற்பார். இறங்குகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்ப்பார். பிறகு என்னிடம், "வெத்தல வந்துச்சா?" என்பார். வரவில்லை என்றால் போய்விடுவார். வந்தது என்று நீட்டினாலும் வாங்காமல் போய்விடுவார். அவர் வெற்றிலை போடாதவர். வெற்றிலை கேட்பதை எல்லாரும் கண்டிருக்கிறார்கள்; மகனுக்காகத்தான் நிற்கிறார் என்பது எனக்கு மட்டும் தெரிந்த விஷயம். அதைக் கொண்டுவந்து உங்கள் மடியில் போட்டேன். யார் என்று நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கதை அவ்வளவு நன்றாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பெயர் சொல்லாமல்தான் சொன்னீர்கள். ஒரு தகப்பன், ஒரு முச்சந்தி, ஒரு லோரி. வெற்றிலை என்று சொன்னதும் கொட்டகை முழுதும் கழுத்தைத் திருப்பி மூன்றாம் வரிசையைப் பார்த்தது. மாமா எழுந்தார். குல்லாவை எடுத்து மாட்டினார். என் லோரியைத் தாண்டித்தான் போனார். பானெட்டுக்குள் இருந்த என் முகத்தை நிதானமாகப் பார்த்துவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை கவாத்து மலையில் என்னைக் கூப்பிட்டுச் சொன்னது ஒரே வார்த்தை. "எம்மகன் உன் லோரியில ஏறுவானோ என்னமோ தெரியாது. என் மானத்த ஏத்திக் கொண்டுபோயி சபைக்கு நடுவுல எறக்கிட்டீங்கடா ரெண்டு பேரும்."

அவர் ஆராதனைக்கு வருவதை நிறுத்தினார். அதுகூடப் பரவாயில்லை. முச்சந்திக்கு வருவதையும் நிறுத்திவிட்டார். அதுதான் நெஞ்சில் குத்தியது. நாம் இருவரும் அவர் வீட்டுக்குப் போனோம். அவர் கவாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. நீங்கள் ஏதாவது வசனம் சொல்வீர்கள் என்று பார்த்தேன். "தப்புப் பண்ணிட்டேன் அண்ணே" என்று மட்டும் சொன்னீர்கள். கத்தி தீட்டும் சத்தம் நிற்கவில்லை. திரும்பி வந்துவிட்டோம்.

மறுநாள் சாயந்திரம் முச்சந்தியில் லோரியை நிறுத்தினால், மாமா நிற்கும் இடத்தில் நீங்கள் நிற்கிறீர்கள். எங்கே போகவேண்டும் என்று கேட்டேன். எங்கேயும் இல்லை என்றீர்கள்.

"அவரு நிக்கிறத நாமதானே நிப்பாட்டுனோம் டிரைவரே. அந்தப் பையன் வர்ற அன்னிக்குப் பாத்து இங்க யாருமே இல்லாமப் போயிட்டா?"

"அவன் மூஞ்சி தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது. அதனாலதான் எறங்குற எல்லாரையும் வாங்கன்னு சொல்லப்போறேன்."

சொன்னீர்கள். மழையானாலும் மூடுபனியானாலும் இருமிக்கொண்டே நின்றீர்கள். சந்தைக்குப் போய்வந்த பெண்களை, தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசரை, கோஸுக்கு மருந்தடிக்க வந்த சீனரை, வழி தவறி இறங்கிய மலாய்ப் போலீஸ்காரரை, எல்லாரையும் கைகுலுக்கி வரவேற்றீர்கள். நான் கிண்டல் செய்தேன், ஒத்துக்கொள்கிறேன். கவர்னர் வருகிறார் என்று ஹாரன் அடித்தேன். ஆனால் ஒவ்வொரு நாளும் திருப்பத்தில் அந்த இடம் தெரியும்போது, குல்லா தெரிகிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். தெரியாது. உங்கள் வழுக்கைதான் தெரியும்.

இரண்டு வாரம் இருக்கும். ஒருநாள் குல்லா வந்தது. உங்களுக்கு நாலடி தள்ளி நின்றது. நான் இன்ஜினை நிறுத்திவிட்டேன், ஒரு சொல்லும் தவறக்கூடாதே.

"நேத்து கங்காணி மருமகனப் புடிச்சுக் கட்டிக்கிட்டீங்களாமே?" என்றார் மாமா.

"கையில பை வச்சிருந்தாரு அண்ணே."

"எம்மகன் அவ்ளோ அசிங்கமா இருக்கமாட்டான். தள்ளி நில்லுங்க, நான் பாத்துக்கிறேன்."

நீங்கள் தள்ளி நின்றீர்கள், போகவில்லை. அன்றிலிருந்து இரண்டு பேர். சில வாரம் கழித்து மூன்றாம் வரிசையும் நிரம்பியது. உங்களை வாசலில் நிறுத்தி அவர் மறுபடியும் தப்புச் சொன்ன நாளில் நீங்கள் லோரியில் ஏறி உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தீர்கள். நானும் அன்றைக்கு ஒன்றும் கேலி பேசவில்லை. என் வாழ்க்கையில் அப்படிப்பட்ட வெள்ளிக்கிழமைகள் குறைவு.

அதற்குப் பிறகு நான் எந்தக் கதையை ஆரம்பித்தாலும் கையை நீட்டி நிறுத்திவிடுவீர்கள். "யாரோடது? அவங்கள்ட்ட கேட்டாச்சா?" நான் வீடு வீடாகப் போய்க் கேட்டேன். ஜெனரேட்டர் கதைக்கே கிராணியம்மாவிடம் பின்னால் போய் அனுமதி கேட்கவைத்தீர்கள். தேத்தண்ணி கொடுத்து, திட்டியும் அனுப்பினார்கள். உங்கள் நோட்டிலும் பார்க்கிறேன். கெட்ட குமாரனுக்குப் பிந்தின பக்கங்களில் 'டி.சொ.'வுக்குப் பக்கத்தில் இன்னொரு சொல் சேர்ந்திருக்கிறது: 'கேட்டாச்சு.' உங்களால் என் வாய் பாதி அடைந்துபோயிற்று, உபதேசியாரே. இன்றும் கோப்பிக்கடையில் நாலு பேர் சேர்ந்து, யாரையாவது பற்றி ருசியாக ஒன்று நாக்கு நுனிக்கு வந்தால், உங்கள் இருமல் கேட்கிறது. நிறுத்திவிடுகிறேன். வயதாகிவிட்டது, டிரைவருக்கு மறதி என்று பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும்.

இந்த மடலுக்கும் கேட்டாச்சு. நேற்று மாமா வீட்டுக்குப் போனேன். இப்போது கவாத்துக்குப் போவதில்லை, அடுப்புப் பக்கம் உட்கார்ந்தே இருக்கிறார். உபதேசியாருக்கு எழுதப்போகிறேன், உங்கள் கதையும் வரும், எழுதலாமா என்றேன். அடுப்பில் ஒரு விறகைத் தள்ளிவிட்டுச் சொன்னார்:

"எழுது. ஆனா நடந்தது முழுசையும் எழுது. அவரு எத்தன தடவ அந்தக் கதைய சபையில சொன்னாரு, அவன் வந்த அன்னிக்குக் கட்டிப்புடிச்சத மட்டும் சொல்லி, அதுக்கு முன்ன நடந்தத விட்டுருவாரு. எனக்கு மனசு கஷ்டப்படுமாம். நடந்தது நடந்ததுதானே."

உங்களுக்குத் தெரிந்ததுதான். அவர் சொன்னதற்காக எழுதுகிறேன்.

அன்று நல்ல மழை. என் லோரியிலிருந்து நாலு பேர் இறங்கினார்கள், ராஜன் இல்லை. அந்த நேரத்தில் கம்போங் ராஜா பக்கம் போகும் காய்கறி லோரி ஒன்று காலியாக வந்தது. நீங்களும் மாமாவும் ஒதுங்கி அதற்கு வழிவிட்டீர்கள். நீங்கள் கையும் காட்டினீர்கள். ராஜன் அதற்குள் தூங்கிக்கொண்டிருந்தான். கம்போங் ராஜாவில் விழித்து, அங்கிருந்து தேயிலை மலைக் குறுக்குப் பாதையில் நடந்து, நீங்கள் இருவரும் நின்ற ரோட்டுக்கே வராமல் வீட்டின் பின்பக்கமாக வந்து சேர்ந்தான். பானையில் இருந்த சோற்றைச் சாப்பிட்டான். குளிருக்கு அப்பனுடைய கம்பளியைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு அப்பனுடைய கட்டிலில் படுத்துவிட்டான். மாமா வந்து கதவைத் திறந்தார். பானை காலியாக இருந்தது, கட்டிலில் ஆள் இருந்தது. அவர் கையில் நீங்கள் கொடுத்தனுப்பிய குடை இருந்தது. திருடன் என்று நினைத்து மூன்று அடி அடித்தார். மூன்றாவது அடியில் அவன் அப்பா என்றான். பிறகுதான் கட்டிப்பிடித்தது. டிரெசர் வந்து நெற்றியில் நாலு தையல் போட்டார். குடையில் இரண்டு கம்பி வளைந்திருந்தது. அதை அடுத்த வெள்ளிக்கிழமை பிரிஞ்சாங்குக்கு எடுத்துப் போய்ச் சரிசெய்தோம்.