அதிராத ஐபாட்

ஞாயிறு இரவு, சேக்காடு.

நைனாவின் பழைய ஐபாட்டை இன்று பிரித்தேன். உள்ளே ஹார்ட் டிஸ்க் கரகரக்க ஆரம்பித்திருந்தது. அதைக் கழற்றிவிட்டு மெமரி கார்டு போட்டேன், பேட்டரியும் புதிது. பாட்டெல்லாம் ஏற்றி, இனி பல வருஷம் உழைக்கும் என்று பெருமையாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இயர்போனை மாட்டிக்கொண்டு ஐபாட்டை உள்ளங்கையில் பொத்திப் பிடித்தார். கொஞ்ச நேரத்தில் முகம் சுருங்கியது.

"இன்னாம்மா பண்ணே இத்த? ஓடவே இல்லியே."

"ஓடிகினுதான் கீது நைனா."

"சரி, சரி" என்றார். இப்போதெல்லாம் எதைச் சொன்னாலும் இதுதான் பதில்.

இயர்போனை வாங்கி என் காதில் வைத்தேன். முழு வால்யூமில் பாட்டு அலறியது. பிடுங்கி எடுத்தேன்.

அப்போதுதான் உறைத்தது. நைனா அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தவர். அந்த இரைச்சலில் மெஷின் ஓடுகிறதா என்று கை வைத்துத்தான் பார்ப்பார்களாம், அவரே சொல்லியிருக்கிறார். ஐபாட்டையும் அப்படித்தான் பிடித்திருக்கிறார். டிஸ்க் சுற்றும் அதிர்வு கைக்கு வந்தால் பாட்டு ஓடுகிறது என்று அர்த்தம். கார்டு அதிராது.

எவ்வளவு நாளாகக் காது கேட்கவில்லை? ஏன் சொல்லவில்லை?

"டாக்டர்கிட்ட போலாமா நைனா?" என்று பின்னால் நின்று கேட்டேன். அவர் திரும்பவே இல்லை.

பழைய டிஸ்க்கையே திரும்ப மாட்டிப் பார்த்தேன். ஒரு தடவை கரகரத்து, அதோடு நின்றுவிட்டது. மறுபடி கார்டையே போட்டுக் கொடுத்தேன், வேறென்ன செய்ய.

ஹாலில் இன்னும் அதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பாட்டு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.