அந்தோனிதாசன் நிரப்பிய படிவம்

18.11.1992, புதன்

நான்கு மணிக்கே இருட்டிவிட்டது. நூலகப் புத்தகத்தில் நாற்பதாம் பக்கம். நாங்கள் இருக்கும் இந்த ஹேர்னிங் நகரைச் சுற்றி ஒரு காலத்தில் வெறும் புதர்வெளிதானாம். உருளைக்கிழங்கை நட்டுத்தான் சனம் குடியேறியதாம். டேனிஷ் சொல்லுக்கு ஆங்கிலம், ஆங்கிலத்துக்குத் தமிழ். இரண்டு அகராதியைத் தாண்டி ஒரு வசனம் வந்து சேர அரை மணி நேரம். பள்ளிக்கூடம் எனக்கு எட்டாம் வகுப்போடு சரி. அதற்காக அடுத்தவன் சொல்வதைக் கேட்டு நம்புகிறவன் நான் இல்லை. என் கண்ணால் வாசிக்க வேண்டும்.

22.11, ஞாயிறு

மேல்மாடி டேனிஷ் கிழவி இன்று வணக்கம் சொன்னாள். நான்கு வருடத்தில் மூன்றாவது தடவை. நாய் செத்துவிட்டதாம். பாவம்.

5.12, சனி

கடையில் மரக்கறிப் பக்கம் லீக்ஸ் பொறுக்கிக்கொண்டு அந்தோனிதாசன் நின்றான். நான் பால் பக்கம் திரும்பிவிட்டேன். என் மனைவி ஞானம் மட்டும் அவன் மனைவி அமலராணியோடு நின்று கதைத்தாள். வெளியே குளிரில் எனக்குக் கால் விறைத்தது.

வழியில் தொடங்கினாள்.

"அந்தாள் உங்களைப் பாத்துக்கொண்டே நிண்டது. எத்தினை வருஷத்துக்கு இந்த முறுக்கு?"

எத்தனை வருடமானால் என்ன? 87 நவம்பரில் ஸ்கீவ நகரில் நானும் அவனும் ஒரே அறையில் இருந்தோம். ஊரிலிருந்து ஞானத்தைக் கூப்பிட விண்ணப்பம் போட வேண்டும். எனக்கு அப்போது டேனிஷில் ஒரு சொல் தெரியாது. அவன்தான் எல்லோருக்கும் படிவம் நிரப்புகிறவன். என் பெயருக்குப் பின்னால் என் அப்பாவின் பெயர் கந்தையா. ஞானேஸ்வரிக்குப் பின்னால் என் பெயர் செல்வரட்ணம். ஊர் வழக்கப்படி எழுதிவிட்டான். இங்குள்ளவர்கள் பார்வையில் புருஷன் ஒரு குடும்பம், மனைவி வேறு குடும்பம். இரண்டு மாதத்தில் கடிதம் வந்தது: பெயர்கள் பொருந்தவில்லை, விளக்கம் தருக. விளக்கம் அனுப்பினோம். பிறகு ஒரு சத்தமும் இல்லை. அவள் வந்து சேர்ந்தது 89 ஆவணியில். அதற்குள் ஊரில் சந்தை ஒழுங்கையில் குண்டு வெடித்து அவளுடைய இடது காது போய்விட்டது.

"உன்ர கையெழுத்தாலதான் அவளின்ர காது போனது" என்று அவன் முகத்துக்கு நேரே சொன்னேன். அதுதான் கடைசிப் பேச்சு.

"தமிழாக்களின்ர விண்ணப்பம் எல்லாத்தையும் இவங்கள் நிப்பாட்டித்தானே வைச்சவங்கள்? ஊருக்கே தெரியும்" என்கிறாள் ஞானம்.

"நீ வாசிச்சனியோ?"

"கேட்டனான்."

"கேட்டதெல்லாம் உண்மையோ?"

"ஓம், நான் ஒரு காதாலதானே கேட்டனான். பாதிதான் உண்மையாயிருக்கும்."

சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

15.1.1993, வெள்ளி

அரசாங்கம் போய்விட்டது! நீதிபதியின் அறிக்கை நேற்று வெளிவந்தது, பிரதமர் பதவி விலகிவிட்டார். எங்கள் குடும்பங்களைக் கூப்பிடும் விண்ணப்பங்களை நிறுத்தி வைத்தது பற்றிய விசாரணை. நூலகத்தில் எந்தப் பேப்பரைத் திறந்தாலும் 'தமிழ்' என்ற சொல். அங்கே வேலை செய்யும் பெண் எனக்கென்று ஒன்றை எடுத்து வைத்திருந்தாள். நீட்டும்போது அவள் முகம் சிவந்திருந்தது. வெட்கப்பட்டாள் போல. அவள் ஏன் வெட்கப்பட வேண்டும்?

16.1, சனி

திறந்ததிலிருந்து பூட்டும் வரை நூலகத்தில். ஒரு பத்தியை மூன்று தடவை வாசித்தேன். தமிழரின் விண்ணப்பங்களைக் கிடப்பில் போடும்படி அமைச்சர் சொன்னது 1987 செப்டெம்பரில்.

செப்டெம்பர்.

நாங்கள் அனுப்பியது நவம்பர்.

படிவம் தபாலில் போவதற்கு முன்பே எல்லாம் முடிந்திருக்கிறது. அவன் எந்தப் பெயரை எந்தக் கட்டத்தில் எழுதியிருந்தாலும் அது அங்கேதான் கிடந்திருக்கும்.

அஞ்சு வருஷம். நான் என்ன செய்துபோட்டன்?

17.1, ஞாயிறு

ஆனால் பெயர் பொருந்தவில்லை என்று கடிதம் வந்தது உண்மைதானே? — போதும் செல்வரட்ணம், இனி வாதாடாதே. பேனையை உன்னிடம் தந்திருந்தால் நீயும் அப்படித்தான் எழுதியிருப்பாய்.

20.1, புதன்

ஏன் சாப்பிடவில்லை என்று ஞானம் கேட்டாள். பல்வலி என்றேன்.

30.1, சனி

போனேன். ஞானத்திடம் சொல்லாமல். அமலராணி கதவைத் திறந்தாள். ஒன்றும் கேட்காமல் என் கோட்டை வாங்கிக் கொழுவினாள். அவன் எழுந்து நின்றான். தலை நன்றாக நரைத்துவிட்டது.

"இருங்கோ அண்ணை."

இருந்தேன். "பேப்பர் பாத்தனியோ?"

"இல்லை. அந்தச் செய்தி வந்தா ரீவியை நிப்பாட்டிப்போடுவன்." கதிரையை இழுத்து எனக்கு எதிரே இருந்தான். "அண்ணை, அதுக்குப் பிறகு நான் ஒருத்தருக்கும் படிவம் நிரப்பிக் குடுக்கேல்லை. மற்றாக்களின்ரயை அமைச்சர் மறிச்சார். ஞானம் அக்கான்ரயை நான் மறிச்சன். அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டிருக்கிறன். கடிதத்தில பேர்ப் பிழை எண்டுதானே இருந்தது?"

நான் கோபத்தைச் சுமந்ததாக நினைத்திருந்தேன். இவன் எதைச் சுமந்திருக்கிறான்!

சட்டைப்பையிலிருந்து பிரதி எடுத்த பக்கத்தை விரித்து வாசித்தேன். டேனிஷில் ஒரு வசனம், தமிழில் ஒரு வசனம். ஓர் இடத்தில் என் உச்சரிப்பைத் திருத்தினான். பிறகு திருத்தவில்லை.

"மாசத்தைத் திரும்ப வாசியுங்கோ."

"செப்டெம்பர்."

"இன்னொருக்கால்."

"செப்டெம்பர். எங்கட நவம்பர். உன்னில ஒரு பிழையும் இல்லை. பிழை என்னில."

அவன் சுவரைப் பார்த்தபடி இருந்தான். தோள் குலுங்கியது. நான் எழுந்து பக்கத்தில் போய் நின்றேன். என்ன செய்வதென்று தெரியவில்லை. முதுகில் கையை வைத்தேன். அமலராணி அடுப்படியிலிருந்து, "அண்ணைக்குச் சீனி போடலாமோ?" என்றாள். போட்டே கொண்டு வந்தாள்.

14.2, ஞாயிறு

தேவாலயத்தில் பூசை முடிந்து அந்தோனிதாசன் நேரே எங்கள் வீட்டுக்கு வந்தான். தமிழருக்காக இந்த நாட்டில் ஓர் அரசாங்கமே விழுந்திருக்கிறது என்றேன். அவன் ஒத்துக்கொள்ளவில்லை.

"எங்களுக்காக இல்லை அண்ணை. தங்கட பாராளுமன்றத்துக்குப் பொய் சொன்னதுக்காக விழுந்தது. எங்களை ஆர் கணக்கெடுத்தது?"

"நீ அறிக்கையை வாசிச்சனியோ?"

"நீங்கள் வாசிச்சனீங்களோ? ஆயிரக்கணக்கில பக்கமாம்!"

ஞானம் எட்டிப் பார்த்தாள். "என்ன, திரும்பவும் சண்டையோ?"

"ஓம்" என்றோம் இருவரும்.

சப்பாத்துப் போடும்போதும் அவன் விடவில்லை. நானும் விடவில்லை. குளிர் உள்ளே வருகிறது, கதவைச் சாத்துங்கோ என்று அவள் இரண்டு தடவை கத்திவிட்டாள். அவன் படியில், நான் வாசலில், இன்னும் கால் மணி நேரம் நின்றோம்.