கல்லில் தேய்த்த நீலத் தட்டு

12 ஜூலை 2006, புதன்

அப்பா கடலுக்குக் கிளம்பிவிட்டார். அம்மா தூங்குகிறாள். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். யாரும் திறக்கமாட்டார்கள். நானே அதிகம் திறப்பதில்லை.

இன்று மூன்றாவது கூடையில் எனக்கு ஏழு எறி. என் வகுப்புச் செங்கொடிக்கு மூன்று.

எங்கள் விளையாட்டு டீச்சர் தேவப்பிரியம் மிஸ்ஸின் அண்ணன் கப்பலில் சமையல்காரர். அவர் ஏதோ துறைமுகத்தில் வாங்கி வந்த ஒன்பது தட்டுகள்தான் எங்கள் டிஸ்க் கோல்ஃப். கரையில் தள்ளித்தள்ளி மீன் கூடைகளை வைத்து, குறைந்த எறியில் தட்டை உள்ளே போட வேண்டும். மூன்றாவது கூடை உடைந்த படகுக்குப் பின்னால் இருக்கிறது. நேராக எறிந்தால் படகில் அடிக்கும். இடது பக்கம், கருங்கல் அடுக்குக்கு மேலே, கடலைப் பார்த்து எறிய வேண்டும். தட்டு தானாக வலது பக்கம் வளைந்து கரைக்கு வர வேண்டும். அதற்கு வெளி விளிம்பைத் தூக்கி விட வேண்டும். மிஸ் அதை ஆன்ஹைசர் என்றார்.

செங்கொடி சொன்னாள்: “ஆஞ்சநேயர்னே வச்சிக்கலாம் மிஸ். அவரும் கடலத் தாண்டிப் பூட்டு திரும்பி வந்தாரு இல்ல?”

மிஸ்ஸே சிரித்துவிட்டார்.

14 ஜூலை, வெள்ளி

தேர்வு முடிந்தது. 29ஆம் தேதி மற்றப் பள்ளிகளோடு நடக்கும் போட்டிக்கு நான்கு பேர். நான் ஐந்தாவது.

நானே கெடுத்துக்கொண்டேன். எந்தத் தட்டு வேண்டும் என்று மிஸ் கேட்டபோது புது நீலத்தை எடுத்தேன். பளபளவென்று இருந்தது, மற்ற எல்லாவற்றையும்விட தூரம் போகும். போனது. பாதி வழி வலது பக்கம் சாய்ந்து, பிறகு முறைத்துக்கொண்டு நிமிர்ந்து, இடது பக்கம் திரும்பிக் கல்லில் விழுந்தது. ஒரு முழம் தள்ளியிருந்தால் கடல்.

செங்கொடி எடுத்தது விளிம்பெல்லாம் தேய்ந்த பழைய மஞ்சள். மஞ்சக்கிழங்கு என்று கூப்பிடுவோம். அது கல்லைத் தாண்டிப் போய், கடற்காற்றில் ஏறி, அப்படியே வட்டமாகக் கரைக்கு வந்தது. கூடைக்கு நாலடி.

“புதுசப் பாத்து மயங்காத வினிதா,” என்றாள். “அது விரைச்சிக்கினு கீது. தேஞ்சதுதான் சொன்ன பேச்சு கேக்கும்.”

தட்டுப் பையைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் அவளுக்குத்தான்.

15 ஜூலை, சனி

எடுத்துவிட்டேன்.

பயிற்சி முடிந்து செங்கொடி குழாயடியில் கால் கழுவப் போனாள். பை படிக்கட்டில் இருந்தது. நீலத்தைப் புத்தகப் பையில் போட்டுக்கொண்டேன். திருடவில்லை. திங்கட்கிழமை வைத்துவிடுவேன். இரண்டு நாள்தானே?

16 ஜூலை, ஞாயிறு

அப்பா புதுக் கயிறு வாங்கினால் உடனே கட்டமாட்டார். இரண்டு நாள் படகுக்குப் பின்னால் தண்ணீரில் இழுத்துக்கொண்டு போவார். “மொரடு பூட்டும்” என்பார். அது ஞாபகம் வந்தது. தட்டின் முரட்டையும் எடுத்துவிட்டால்?

விடியற்காலையில் கல்லுக்குப் போய் விளிம்பைத் தேய்த்தேன். சுற்றிச் சுற்றி, கை எரியும்வரை. எறிந்து பார்த்தேன், கொஞ்சம் வளைந்தது. இன்னும் தேய்த்தேன். கல்லின் முனை குத்தி விளிம்பு பிய்ந்துவிட்டது. நகம் நுழையும் அளவுக்கு.

இதை எப்படித் திரும்ப வைப்பேன்? போன மாதம் காப்பி அடித்ததற்குப் புகார் வந்தபோதே அம்மா சொல்லிவிட்டாள்: “இன்னொரு வாட்டி ஸ்கூல்லேர்ந்து என்னிய கூப்ட்டாங்க, அத்தோட படிப்ப நிறுத்திக்கினு எங்கூட மீன் கூடைய தூக்கு.”

பழைய வலைக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறேன்.

17 ஜூலை, திங்கள்

மிஸ் எண்ணினார். எட்டு.

“செங்கொடி, பை உங்கிட்டதானே இருந்தது?”

“சனிக்கெழம ஒம்போதும் இருந்திச்சி மிஸ்.”

“உன் புத்தகப் பையைக் கொண்டுவா.”

அவள் பையை மட்டும். எங்கள் யாருடைய பையையும் கேட்கவில்லை. வகுப்பு முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. மிஸ் ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். நோட்டு, சாப்பாட்டு டப்பா, துணி சுற்றிய ஒன்று. அது என்ன என்று எல்லாப் பெண்களுக்கும் தெரியும். பின்னால் யாரோ, “புளியந்தோப்பு பஸ்ஸு ஆச்சே” என்றாள். செங்கொடி அங்கிருந்துதான் வருகிறாள்; அந்தப் பேரைச் சொன்னாலே திருட்டு என்பார்கள். சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன்?

18 ஜூலை, செவ்வாய்

செங்கொடி அழவில்லை. நான்தான் சாப்பிடவில்லை. அம்மா வெயில் என்று நினைக்கிறாள்.

20 ஜூலை, வியாழன்

செங்கொடியை நீக்கிவிட்டார்கள். அவள் இடத்தில் நான். மிஸ் மஞ்சக்கிழங்கை என் கையில் கொடுத்தார். எறிந்தேன். கடலுக்கு மேலே போய் அழகாகத் திரும்பி வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள்.

அது திரும்பி வராமல் போயிருக்கலாம்.

21 ஜூலை, வெள்ளி

சொல்லலாம் என்று ஆசிரியர் அறை வாசல்வரை போனேன். “என்ன வினிதா?” என்றார் மிஸ். “சாக்பீஸ் மிஸ்” என்றேன். ஒரு சாக்பீஸோடு திரும்பி வந்தேன்.

செங்கொடி இப்போது கடைசி பெஞ்சில். வீட்டுக்குப் போகும்முன் தன் பையைத் தானே திறந்து எல்லோர் எதிரிலும் ஒரு தடவை கவிழ்த்துக் காட்டுகிறாள். தினமும். யாரும் கேட்காமலே. இன்று என் காலடியில் ஒரு பென்சில் உருண்டு வந்தது. எடுத்துக் கொடுக்கக் கை வரவில்லை.

24 ஜூலை, திங்கள்

சொல்லிவிட்டேன். வாயால் இல்லை. தட்டை மிஸ்ஸின் மேசையில் வைத்தேன். மிஸ் பிய்ந்த இடத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். “நான் ஏன் அவளை மட்டும் கேட்டேன்?” என்றார். என்னிடம் கேட்ட மாதிரி இல்லை.

சாயங்காலம் என்னைக் கூட்டிக்கொண்டு புளியந்தோப்பு போனார். ஹவுசிங் போர்டில் மூன்றாவது மாடி. செங்கொடியின் அம்மா மலர்க்கொடி அப்போதுதான் ஆஸ்பத்திரி வேலையிலிருந்து வந்திருந்தார். எங்களை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். மிஸ் மன்னிப்புக் கேட்டார். நானும் கேட்டேன்.

அவர் டம்ளர்களை எடுத்துக்கொண்டே சொன்னார்: “பைய அத்தினி பேரு முன்னாடி தொறந்தீங்க. மன்னிப்ப மட்டும் வூட்டுக்குள்ள வந்து குடுக்கிறீங்களே டீச்சர்?”

செங்கொடி உள்ளே இருந்தாள். வெளியே வரவில்லை.

25 ஜூலை, செவ்வாய்

காலை பிரார்த்தனைக் கூட்டம். முதலில் மிஸ். “ஒரு மாணவியின் பையை மட்டும் சோதித்தது என் தவறு” என்று மைக்கில் சொன்னார். அடுத்தது நான். ஆயிரம் பேர் இருப்பார்கள். மைக் எனக்கு உயரமாக இருந்தது, யாரோ இறக்கிவிட்டார்கள். “நீலத் தட்டை எடுத்தது நான். செங்கொடி இல்லை. அவள் பையைத் திறந்தபோது நான் சிரித்தேன்.” கடைசி வரியை எழுதிக்கொண்டு போகவில்லை. வந்துவிட்டது.

அம்மாவைக் கூப்பிட்டுவிட்டார்கள். மீன் வாசனையோடு வந்து நின்றாள். கேட் தாண்டியதும் முதுகில் ஒன்று வைத்தாள்.

“தராசுல ஒரு வெரலு வச்சி வித்தது இல்லடி நானு. அடுத்தவ பொண்ணு பைய கொட்டுறாங்கோ, பல்ல காட்டிக்கினு நின்னியா நீ?”

பள்ளியை நிறுத்துவதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

26 ஜூலை, புதன்

பள்ளிக்குப் போனேன். அம்மா தடுக்கவில்லை. செங்கொடி அணிக்குத் திரும்பிவிட்டாள், என்னைப் பார்க்கவில்லை. நான் எறியக் கூடாது. பை தூக்க வேண்டும்.

29 ஜூலை, சனி

போட்டி கடலோடிகள் மன்ற மைதானத்தில் நடந்தது. கடல் இல்லை. மூன்றாவது கூடை ஒரு கிடங்குக்குப் பின்னால், கரையில் இருந்ததைப்போல இரண்டு மடங்கு தூரம். காற்று நேர் எதிரில்.

முதல் சுற்றில் செங்கொடி மஞ்சக்கிழங்கை எறிந்தாள். எதிர்காற்றில் அது மிதமிஞ்சிச் சாய்ந்து, பாதியிலேயே குப்புற விழுந்து தரையில் உருண்டு ஓடியது. எதிர்ப் பள்ளிப் பெண்கள் சிரித்தார்கள்.

இரண்டாவது சுற்று. அவள் கூடை இருக்கும் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மண்ணை எடுத்துத் தூவிப் பார்த்தாள். பிறகு திரும்பாமல் கையை மட்டும் பின்னால் நீட்டினாள்.

“நீலம்.”

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். பிய்ந்த இடத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். வெளி விளிம்பைத் தூக்கி விட்டாள். புதிதாக இருந்தால் முறைத்து நிமிர்ந்திருக்கும். இன்னும் தேய்ந்திருந்தால் உருண்டிருக்கும். அது சாய்ந்த மேனிக்கே போனது, போய்க்கொண்டே இருந்தது, கிடங்கின் மூலையைச் சுற்றிக்கொண்டு மறைந்தது. அந்தப் பக்கம் நின்ற மிஸ் கத்துவது மட்டும் கேட்டது.

இரண்டாவது இடம் கிடைத்தது.

தட்டுகளை எடுத்து வந்தபோது செங்கொடி நீலத்தை என் கையில் தரவில்லை. தானே பையில் போட்டாள். எண்ணினாள். ஜிப்பை இழுத்து மூடினாள்.

பையை என்னிடமே விட்டுவிட்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.