தளும்ப ஊற்றிய டின்

24-4-61, திங்கள்

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஐம்பதை நெருங்கிய ஆள், இன்று விடியற்காலையில் நூருல்லா பாய் கடையில் இரண்டு கரண்டி மிஷின் எண்ணெய்க்குச் சின்னப் பிள்ளைபோல அடம் பிடித்தேன். பாய் டின்னில் இரண்டு விரற்கடை குறைத்து ஊற்றி, ஈயம் வைத்து அடைக்கப் போனார். "ஏனுங் பாய், அந்தச் சந்துல யாரையாச்சும் குடி வெக்கப் போறீங்களா?" என்றேன். அவர் என்னவோ சொல்ல வந்தார். கடையே சிரித்ததில் காதில் விழவில்லை. தளும்ப ஊற்றி அடைத்துக் கொடுத்தார். நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில் துணி மடிக்கும் அறைக்குக் கொண்டுவந்து மேற்கு ஜன்னலடியில் வைத்தேன்.

25, செவ்வாய்

காலையில் அறையைத் திறந்தால் டின்னைச் சுற்றி எண்ணெய்க் குளம். வெளுத்து வந்த பனியன் துணி நான்கு கட்டு நாசம். டின்னின் மூலை ஒட்டு விட்டிருக்கிறது. யாரோ நெம்பி எண்ணெய் எடுத்திருக்கிறார்கள் என்கிறார் முதலாளி. நேற்று நாலு மணிக்கு அறையைப் பூட்டியது நூர்ஜான், துணி மடிக்கிறவள். வீட்டில் தையல் மிஷின் வைத்திருக்கிறாள். போதாதா?

"நான் தொடலீங்க" என்றாள். வெள்ளிக்கிழமைக்குள் ஒப்புக்கொள்ளாவிட்டால் முதலாளி கணக்குத் தீர்த்து அனுப்பிவிடுவாராம். திருட்டுப் பட்டத்தோடு போனால் எந்தக் கம்பெனி சேர்க்கும்? புருசனில்லாதவள், இரண்டு பிள்ளைகள்.

26, புதன்

நூர்ஜான் வரவில்லை. யாரையும் கேலி செய்யத் தோன்றவில்லை. உடம்புக்கு முடியலீங்களாண்ணா என்று கூட வேலை செய்யும் முத்தாயி கேட்டுவிட்டாள்.

27, வியாழன்

மனசு கேட்காமல் பாயிடம் போனேன்.

"வெயில்ல எண்ணெய் பெருக்குமுங்க. தகரமும் பெருக்குந்தான், எண்ணெய் அளவுக்குப் பெருக்காதுங்க. அதுக்குத்தான் எடம் உடறது. அன்னைக்குச் சொல்ல வந்தேன், நீங்க எங்க உட்டீங்க?"

மேற்கு ஜன்னல். நாலு மணிக்கு மேல்தான் அங்கே வெயில் அடிக்கும். ஆக, நெம்பினது என் வாய்தான்.

சொன்னால் என் வேலை போகும். சொல்லாட்டி அந்தப் புள்ள கதி? பேசாம இருந்துட்டா — இருக்க முடியுமாடா உன்னால?

28, வெள்ளி

சொல்லிவிட்டேன். முதலாளி நம்பவில்லை.

"செங்கோட்டையா, எண்ணெய் தானாப் பெருக்கும்னா நான் எதுக்கு பனியன் யாவாரம் பண்றேன்? அவளுக்காகப் பொய் சொல்றியா?"

பாயிடம் இரண்டு டின் வாங்கி வந்தேன். ஒன்று இடம் விட்டது, ஒன்று தளும்ப ஊற்றியது. பத்து மணிக்கு வாசல் வெயிலில் வைத்தோம். முதலாளி நூர்ஜானையும் வரச் சொல்லியிருந்தார். முக்காட்டைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றாள். பன்னிரண்டாகியும் ஒன்றுமில்லை. ஒரு மணிக்கு, தளும்பின டின்னுக்கு வயிறு உப்பியது. மற்றது அப்படியே இருந்தது. இரண்டு மணிக்கு முதலாளி குனிந்து அந்த வயிற்றை விரலால் தட்டிப் பார்த்தார்.

மூலை விட்டது.

29, சனி

நூர்ஜான் மடிப்பு மேஜையில் இருக்கிறாள். எனக்கும் வேலை இருக்கிறது. முதலாளியின் வேட்டிக்கு மூன்று தடவை சோப்புப் போட்டேன். தெறித்த எண்ணெய்க் கறை போகவில்லை. நான்காம் தடவை தேய்த்ததில் வேட்டி கிழிந்துவிட்டது.