குண்டு மிளகாயின் லீக்குக்கு நான் கொடுத்த நோட்டீஸ்

என் அருமைக் கனி,

உன் ஸ்கேட்டிங் லீக்குக்கு நான் நோட்டீஸ் கொடுத்துவிட்டேன். அறுபது நாளில் என் கிடங்கைக் காலி செய்து தர வேண்டும் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து, கையெழுத்துப் போட்டு, நானே கொண்டுபோய் உன்னோடு ஆடிய டானா கையில் கொடுத்தேன். நீ இருந்திருந்தால் ஒரு மாதம் என் முகத்தில் விழித்திருக்க மாட்டாய். நீ போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. அதனால்தான் துணிச்சல் வந்ததோ என்னவோ.

இந்தக் கடிதத்தைத் தமிழ்ச் சங்க மலரில் போடக் கேட்டிருக்கிறார்கள். ரவுண்ட் ராக்கில் பாதிப் பேருக்கு நீ சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை பார்த்த ராஜகனி. மீதிப் பேருக்கு, 'இந்த வயசுல கால்ல சக்கரத்தக் கட்டிக்கிட்டு முட்டி மோதுற பொம்பள'. ஆகவே உனக்குத் தெரிந்ததையும் அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். பொறுத்துக்கொள்.

உன் விவாகரத்து முடிந்த ஆறாவது மாதம் நீ என் மளிகைக் கடைக்கு வந்தாய். நான் விருதுநகரிலிருந்து வந்த வத்தல் மூட்டைகளைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுவதற்குத்தான் வந்திருக்கிறாய் என்று நினைத்து ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.

"மதினி, பின்னால இருக்க கிடங்கு சும்மாதான கெடக்கு?"

"எதுக்குக் கேக்க?"

"ஸ்கேட் பண்ண. ரோலர் டெர்பின்னு ஒரு வெளையாட்டு. பொம்பளைங்க மட்டும்."

"சும்மா எங்க கெடக்கு? தீபாவளிச் சரக்கு வந்தா வைக்கணும்."

"தீபாவளிக்கு இன்னும் ஏழு மாசம் இருக்கு மதினி."

வாடகை பேசினேன். கொஞ்சம்தான், ஆனால் பேசினேன். இலவசமாகக் கொடுத்த இடத்துக்கு இரண்டு பக்கமும் மரியாதை இருக்காது. நீ முகத்தைச் சுளித்தாலும் சரியென்றாய்.

ஏழு பேரோடு ஆரம்பித்தீர்கள். கயிற்றைத் தரையில் முட்டை வடிவத்தில் பரப்பி, மேலே டேப் ஒட்டித் தடம் போட்டீர்கள். காலில் தட்டினால் எல்லை தெரிய வேண்டுமாம், அதற்குத்தான் கயிறு. பக்கத்துக்கு ஐந்து பேர். அதில் ஒருத்தி மட்டும் தலைக்கவசத்தில் நட்சத்திர உறை மாட்டியிருப்பாள். அவள் எதிர்க்கட்சிக்காரிகளை ஒருமுறை முண்டிக் கடந்து, சுற்றி வந்து, அதன்பின் ஒவ்வொருத்தியாகத் தாண்டத் தாண்டப் புள்ளி. இடுப்பாலும் தோளாலும் இடிக்கலாம், முழங்கையால் கூடாது. விளையாட்டு அவ்வளவுதான். இது பெண்கள் கையில் மறுபடி உயிர் பெற்றதே நம் பக்கத்து ஆஸ்டினில்தான் என்று, ஏதோ நீயே பெற்றெடுத்த மாதிரி சொல்லித் திரிவாய்.

ஆடுகிற எல்லோருக்கும் ஒரு ஆட்டப் பெயர் உண்டு. வெல்டிங் வேலை செய்யும் டானா தனக்குத் தீப்பொறி என்று வைத்துக்கொண்டாள். நீ சட்டை முதுகில் தமிழிலேயே 'குண்டு மிளகாய்' என்று அச்சடித்தாய். எண் 626, நம் ஊர்ப் பின்கோடின் முதல் மூன்று எண்கள். "உருவத்துக்கும் சரி, காரத்துக்கும் சரி, வேற பேரு எடுபடாது மதினி" என்றாய். உன் அண்ணன் இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அதே சட்டையில் தனக்கும் ஒன்று கேட்டார்.

என்னை எப்படி உள்ளே இழுத்தாய் என்று நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. மூட்டை தூக்கும் ஃபோர்க்லிஃப்ட்டை யார் நகர்த்தியது என்று சண்டை போடத்தான் அன்று வந்தேன். ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. நட்சத்திரக்காரி நாலு பேரைத் தாண்டினாள், பலகையில் மூன்று என்று போட்டார்கள். சும்மா நிற்க முடியுமா என்னால்? கத்திவிட்டேன்.

"அவ்ளோ தெரிஞ்சா நீங்களே உக்காந்து எழுதுங்க மதினி!" என்று தடத்திலிருந்தே பதிலுக்குக் கத்தினாய்.

உட்கார்ந்தேன். பதினோரு வருடமாக எழுந்திருக்கவில்லை. அமெரிக்கப் பெண்கள் எல்லோரும் உன்னைப் பார்த்து என்னை மதினி என்றே கூப்பிடப் பழகினார்கள். லீக்குக்கு முதலாளி கிடையாது, வேலை செய்கிறவர்கள்தான் உரிமையாளர்கள் என்று நீ விதி எழுதினாய். ஆடினாலும் சரி, விசில் ஊதினாலும் சரி, காகிதத்தில் புள்ளி எழுதினாலும் சரி, ஆளுக்கு ஒரு ஓட்டு. நான் வியாபாரம் தொடங்கிய நாளிலிருந்து யாரிடமும் ஓட்டுக் கேட்டு முடிவெடுத்தவள் இல்லை. இப்படியெல்லாம் ஒரு நிறுவனம் ஆறு மாதம் தாங்காது என்றேன்.

எலுமிச்சம்பழக் கதையையும் சொல்லிவிடுகிறேன், சங்கத்தில் பலர் அதை வேறு மாதிரி கேட்டிருக்கிறார்கள். இரண்டாம் வருடம் ஆயுத பூஜை. வழக்கம்போல் ஃபோர்க்லிஃப்ட்டுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தேன். நீ பார்த்துக்கொண்டே நின்றாய்.

"மதினி, சக்கரம்னா எல்லாம் சக்கரந்தான?"

நானும் யோசிக்காமல் ஒரு பெட்டிப் பழத்தை எடுத்துக் கொடுத்தேன். இருபது பேர் ஸ்கேட்டை மாட்டி, பழங்களை முன்னால் வைத்து, ஒரே நேரத்தில் ஏறி உருண்டார்கள். அடுத்த நிமிடம் யார் எங்கே விழுந்தார்கள் என்றே தெரியவில்லை. டானாவுக்கு மணிக்கட்டு முறிந்தது. சாறு ஊறி, தரைக்குப் போட்டிருந்த பூச்சு வெள்ளை வெள்ளையாக உரிந்துவிட்டது. இஷ்டதெய்வமெல்லாம் என் மேல் கோபமாக இருப்பதாக நினைத்தேன். டானா கட்டுப் போட்ட கையோடு வந்து, "அடுத்த வருடம் பூஜையை பார்க்கிங் லாட்டில் வைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டாள். நிறுத்தலாமா என்று கேட்கவில்லை. அன்றுதான் இந்த லீக் ஓடிவிடும் என்று எனக்குத் தோன்றியது. தரையை நானே இழைத்துப் புதுப் பூச்சுப் போட்டுக் கொடுத்தேன்.

கொரோனா வந்தபோது ஆட்டம் நின்றது. தடத்தின் மேல் அரிசி மூட்டையை அடுக்கினேன். ஆள் கிடைக்காமல் நான் திண்டாடிய அந்த மாதங்களில் உன் பெண்கள் முகக்கவசத்தோடு வந்து, பார்க்கிங் லாட்டில் ஒவ்வொரு காரிலும் மூட்டை ஏற்றினார்கள். என் வியாபாரத்தில் மிக நல்ல வருடம் அது. இதை நான் வெளியே யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை.

பிறகு உன் கணையத்தில் புற்றுநோய். ஆஸ்பத்திரியில் நீ கேட்டது ஒன்றுதான். "நாங்க ஆடுற தளம் இருக்குல்ல மதினி?" "இருக்கு" என்றேன். அதற்கு மேல் வாக்குக் கொடுக்கவில்லை. கொடுத்திருக்கலாமோ?

இப்போதைய நிலவரம் இது. உன் அண்ணனுக்குப் போன வருடம் பைபாஸ் ஆனது. வேறு மாநிலத்தில், பிளசன்டனில் எங்கள் மகள் வீட்டுப் பக்கமே வந்துவிடச் சொல்லி அவள் தினமும் ஃபோன். கடையை வாங்க ஒருவர் வந்தார். கிடங்கை வாங்க வந்தவர் கோயம்புத்தூர்க்காரர், பம்பு வியாபாரம் செய்யும் குமரேசன். முன் கிடங்கு, பின் கிடங்கு என்று முழுக் கட்டிடமும் காலியாக வேண்டும் என்றார். அதனால்தான் நோட்டீஸ்.

லீக் விதிப்படி அதை ஏற்பதா என்று ஓட்டுக்கு விட வேண்டுமாம். போன ஞாயிறு காலை தடத்தின் நடுவில் மடக்கு நாற்காலிகள் போட்டு உட்கார்ந்தோம். கெஞ்சுவார்கள், திட்டுவார்கள் என்று தயாராகப் போனேன். டானா எழுந்தாள். அவள் ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் சொல்கிறேன்: "மதினி பதினோரு வருடம் நமக்கு இடம் கொடுத்தார். அவர் கணவர் உடம்பு முக்கியம். நம்மால் விற்பனை கெடக் கூடாது. நோட்டீஸை ஏற்றுக்கொள்வோம்."

பக்கத்தில் ஆட வேறு தளம் கிடையாது. இருந்த ஒரே ஸ்கேட்டிங் ரிங்க்கும் மூடியாயிற்று. ஏற்றுக்கொண்டால் லீக் கலைந்துவிடும் என்று அங்கே இருந்த ஒவ்வொருத்திக்கும் தெரியும். தெரிந்தே எல்லோரும் கை தூக்கினார்கள்.

"எதிர்ப்பவர்கள்?" என்றாள் டானா, வழக்கத்துக்காக.

ஒரு கை எழுந்தது. என்னுடையது.

யாரோ சிரித்துவிட்டார்கள். "மதினி, நோட்டீஸ் கொடுத்ததே நீங்கள்தானே?" என்றாள் டானா.

"கொடுத்தது கட்டிடத்து ஓனர். கை தூக்குவது ஸ்கோர் எழுதுகிறவள்" என்றேன்.

காரில் காத்திருந்த உன் அண்ணன், "என்ன ஆச்சு?" என்றார்.

"தோத்துட்டேன்."

"நீ குடுத்த நோட்டீஸ்தான ஜெயிச்சிருக்கு?"

"அதத்தான் சொல்லுதேன். வண்டிய குமரேசன் வீட்டுக்கு விடுங்க."

குமரேசன் முதலில் பிடி கொடுக்கவில்லை. "என்னங்க்கா, கெடங்கு வாங்க வந்தா சர்க்கஸையும் சேத்துத் தலைல கட்டறீங்க?"

"சர்க்கஸ் இல்ல தம்பி, வாடகைக்காரங்க. ஒரு மாசம் தவறுனதில்ல."

"எனக்குப் பம்பு வைக்கோணுமுங்க்கா."

"முன் கிடங்குல பாதி உயரம் வெறும் காத்துதான் நிக்குது. இன்னும் ரெண்டு அடுக்கு ராக் ஏத்துனா உங்க சரக்கு அத்தனையும் அடங்கும். நேத்தே அளந்துட்டேன்."

"அப்ப வெலைய எறக்கோணுமுங்க."

இறக்கினேன். எவ்வளவு என்று உன் அண்ணனுக்கும் சொல்லவில்லை, மலரிலும் எழுதப்போவதில்லை. "ஊர்ல இருந்திருந்தா உங்களோட ஏவாரமே பண்ணீருக்க மாட்டேனுங்க" என்று சொல்லிக்கொண்டே கை குலுக்கினார்.

டானாவிடம் சொன்னேன். இதையும் ஓட்டுக்கு விட வேண்டும் என்றாள். விட்டார்கள். இந்தத் தடவை என் கை தனியாக இல்லை.

கனி, ஆஸ்பத்திரியில் கொடுக்காத வாக்கை இப்போது கொடுக்கிறேன். பத்திரத்தில் இது வார்த்தை மாறாமல் ஏறி, டானாவும் குமரேசனும் கையெழுத்துப் போடுவதை என் கண்ணால் பார்த்த பிறகுதான் பிளசன்டனுக்கு விமானம் ஏறுவேன். பேசி முடித்தது இவ்வளவு: பின் கிடங்கு பத்து வருடத்துக்கு லீக்குடையது. செவ்வாயும் வியாழனும் சாயங்காலம் பயிற்சி, மாதம் ஒரு சனிக்கிழமை முழுநாள் ஆட்டம். வாடகை இப்போது இருப்பதே. தடத்தின் மேல் பம்போ ஃபோர்க்லிஃப்ட்டோ ஒரு நாளும் நிற்கக் கூடாது. நடுவில் குமரேசன் கட்டிடத்தை விற்றாலும், வாங்குகிறவர் இத்தனைக்கும் கட்டுப்பட வேண்டும்.

உன் மதினி,
சௌந்தரம்